பூதத்தின் பம்பரம்

எங்கள் நைனாவும் பெரியப்பாவும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தமில்லை. நடுவில் நான் இருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், முறை வைத்துத் தண்ணீர். நைனா வரப்பில் நின்றுகொண்டு, "உங்க பெரியப்பா கிட்ட சொல்லு, மோட்டாரை நிறுத்திட்டேன்னு" என்பார். பத்தடி தள்ளி நிற்கும் பெரியப்பா, காது கேட்காதவர் போல நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டிருப்பார். சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு அது. நான் போய் ஒப்பித்த பிறகுதான் தலையை ஆட்டுவார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, ஒன்பது வயதில் அந்தக் கூத்தாடி நான்தான். இரண்டு வீட்டிலும் எனக்குச் சாப்பாடு உண்டு.

சண்டைக்குக் காரணம் ஒரு பாறை. செஞ்சியில் பாறைக்கா பஞ்சம்? கோட்டை மலைகளே லாரியில் கொண்டுவந்து கல்லைக் கொட்டிய மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்தப் பாறை, பாகம் பிரித்தபோது யார் பேருக்கும் எழுதாமல் விட்டுப்போய், இரண்டு நிலத்துக்கும் நடுவில் கிடந்தது. அதன் மேல் யார் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) காயவைப்பது என்று ஆரம்பித்த தகராறு முற்றி, நைனா கம்பி வேலி போடுவதற்குக் கல்தூண்களையே இறக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை குழி தோண்ட ஆள் வருவதாக ஏற்பாடு. வேலி வந்துவிட்டால் பெரியம்மா வீட்டுக்கு ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். என் உத்தியோகமும் போய்விடும். எனக்குச் சோறே இறங்கவில்லை.

புதன்கிழமை ஒரு வெள்ளைக்காரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். எஸ்தோனியா என்ற நாட்டிலிருந்து சண்டைக் கதைகளைத் தேடி வந்தவர். எந்த ராஜாவை எவன் வெட்டினான், எந்தப் பூதம் எதை அடித்தது என்று ஊர் ஊராகக் கேட்டுப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். கோட்டைப் பக்கத்து டீக்கடையில், இங்கே பெரிய சண்டைக் கதை யாரிடம் கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறார். டீக்கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் வீட்டுக்கு வழி சொல்லிவிட்டார்.

அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். கூத்தில் ராஜா பேசுகிற மாதிரி பேசினார். "ரஷ்யா பக்கமா அது?" என்று பெரியப்பா கேட்டதற்கு, "பக்கம்தான். ஆனால் எங்களுக்குள் நல்லுறவு இல்லை" என்றார். பெரியப்பா தம்பி நின்ற திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "புரியுது" என்றார்.

பாறையைக் கண்டதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் நாட்டிலும் வயல் நடுவே இத்தகைய கற்கள் உள்ளன. முற்காலத்தில் அரக்கர்கள் சண்டையில் எறிந்தவை என்பார்கள். ஒரு கல்லில் அரக்கனின் விரல் தடம்கூட இருக்கிறது."

நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க கல்லும் பூதம் எறிஞ்சதுதான்" என்றார். அதுவரை எங்கள் வம்சத்தில் யாரும் கேள்விப்படாத செய்தி. ராஜகிரிக் கோட்டை மலையில் அண்ணன் பூதமாம், எதிரே கிருஷ்ணகிரி மலையில் தம்பி பூதமாம். அண்ணன் பேராசை பிடித்தது, தம்பி தங்கமானது என்று கதை போனது.

"உங்க நைனா கிட்ட சொல்லு, மொதல்ல கல்லை எடுத்தது தம்பி பூதம்" என்றார் பெரியப்பா.

நான் சொன்னேன். "ஏன் எடுத்துச்சின்னு உங்க பெரியப்பாவைக் கேளு" என்றார் நைனா. கேட்டேன். வெள்ளைக்காரம்மா போனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கை வலித்து, கடைசியில் அதை என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தம்பி பூதம் அண்ணனுடைய மல்லாட்டையைக் கூடத் திருடியது. அரை மணி நேரத்தில் செஞ்சியில் பாதி மலை காலியாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அவர் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். "காயம் பட்டது யாருக்கு? குருதி வந்ததா?"

பெரியப்பா நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார். "வந்துச்சு" என்றார் நைனா. "அண்ணனுக்குத்தான். சட்டையெல்லாம் ரத்தம்."

"முதல் கல்லை எறிந்தது?"

"தம்பிதான். அண்ணன் பம்பரம் தரலைன்னு எறிஞ்சிட்டான்" என்றார் நைனா.

பூதத்துக்கு எதற்குப் பம்பரம் என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதைவிட, இவ்வளவு நேரம் தம்பி பூதத்துக்காக வாதாடியவர் திடீரென்று கட்சி மாறிவிட்டாரே. பெரியப்பாவாவது பிடித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அவர் அதற்கு மேல்.

"அவன் மேல தப்பு இல்ல. ஆறு வயசு அவனுக்கு. பெரியவன்தான் வெறுப்பேத்தினான்."

"வூட்ல கேட்டதுக்கு அண்ணன் என்னைக் காட்டிக்கூடக் குடுக்கல" என்றார் நைனா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பின்ன? நம்ம நைனா உன் தோலை உரிச்சிருப்பார்டா."

இதை நைனாவிடம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பூதக் கதையை இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து கெடுத்துவிட்டார்கள். "ஆறு வயசுல பூதம் ஏது? பொய் சொல்றாங்க, அதை அழிச்சிடுங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் அழிக்கவில்லை. போனை அணைத்துவிட்டு என் தலையைத் தடவினார்.

வெள்ளிக்கிழமை குழி தோண்ட வந்த ஆளைப் பெரியப்பாவின் மாட்டுக்கொட்டகைக்குத் தூண் நட அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பாறை மேல் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை போன கடுப்பில் நானும் போய் உட்கார்ந்தேன். மாட்டுக்கொட்டகைப் பேச்சு வந்ததால் பெரியப்பாவிடம் கேட்டேன், உங்களை முட்டிய மாடு என்ன நிறம் என்று.

அவர் தம்பியைப் பார்த்தார். "செவலை. கொம்புகூட மொளைக்கல அதுக்கு. கோவம் மட்டும் ஜாஸ்தி."

நைனா புரையேறும் வரை சிரித்தார். சொந்த அண்ணனை மாடு முட்டியதற்கு ஒரு மனிதர் இப்படியா சிரிப்பார் என்று, அன்று ராத்திரி வரை நான் அவரோடு பேசவில்லை.