ரெண்டேகால் பஸ்ஸில் ஏறிய நர்சம்மா

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் கத்திரி வெயிலில் திருச்சுழிப் பக்கம் வந்ததில்லை. இது பட்டப்பகலில் நடந்தது. தங்கச்செல்வி நர்ஸ் கதை கட்டுகிற ஆள் இல்லை. பயந்த சுபாவமும் இல்லை, அன்றைய தேதி வரைக்கும். நான் சொல்லப்போகிற மணிக்கணக்கெல்லாம் அவளுடைய கைக்கடிகாரம் காட்டியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மத்தியானம் வீட்டில் தனியாக இருக்கிறவர்கள் மட்டும் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1992, மே 13. புதன்கிழமை.

தங்கச்செல்விக்கு அப்போது இருபத்தாறு வயது. கிராம சுகாதார நர்ஸாக நரியங்குண்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கணவன் ராம்குமாருக்குத் தூத்துக்குடியில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவான். அவள் பொறுப்பில் ஐந்து ஊர்கள். யார் வீட்டில் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்கு ஊசி பாக்கி, யாருக்கு எத்தனை மாதம், எந்தக் கேஸை எந்த பஸ்ஸில் ஏற்றி எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது... எல்லாம் அந்த ஒருத்தி தலையில். துணை சுகாதார நிலையம் என்று பெயர்தான் பெரிது. ஊரைத் தாண்டி, கருவேலங்காட்டு ஓரத்தில் ஒரு வாடகை ஓட்டு வீடு. முன்னறையில் மருந்துப் பெட்டி, பின்னறையில் நர்ஸின் கட்டில். அஞ்சாறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு அது. ஏன் பூட்டிக் கிடந்தது என்று வீட்டுக்காரர் செல்லப்பாண்டி சொல்லவில்லை. குடிவருகிற ஆளிடம் அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

புதன்கிழமை தடுப்பூசி நாள். பிள்ளைகளை அழவைத்து முடிக்கும்போது மணி 11:20. அப்படியே முருகேஸ்வரி வீட்டை எட்டிப் பார்த்தாள். முருகேஸ்வரிக்குத் தலைப்பிரசவம், எட்டாம் மாதம். புருஷன் உக்கிரபாண்டி கரி லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். அவள் தலையில் துணியை இறுக்கக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள்.

"தலை வெடிக்குது நர்சக்கா. கண்ணும் மசமசங்குது."

கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி எழும்பவில்லை. பிரஷர் 170-க்கு 110. இது வலிப்பில் கொண்டுபோய் விடுகிற பிரஷர். வலிப்பு வந்தால் தாயும் போகும், பிள்ளையும் போகும். அருப்புக்கோட்டைக்கு ஒரே பஸ், 2:15-க்கு. அதை விட்டால் மறுநாள் காலைதான்.

"பெரியாஸ்பத்திரிக்கா? வேணாங்க்கா. வயித்தக் கிழிச்சுப்புடுவாக."

"நான் கூடவே வாரேன். உன் கைய விடமாட்டேன். போதுமா?"

"நீங்க வந்தா வாரேன். இல்லாட்டி இங்கேயே கெடக்கேன்."

"போயி சீட்டு எழுதி எடுத்துட்டு ஒரு மணிக்கு வந்துர்றேன். எந்திரிச்சு ரெடியா இரு தாயி."

12:10-க்குத் தங்கச்செல்வி நிலையத்துக்குள் நுழைந்தாள். மேஜையில் உட்கார்ந்து, அருப்புக்கோட்டை டாக்டருக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தாள். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. காக்கை சத்தம் இல்லை.

12:22. கதவு சாத்திக்கொண்டது.

காற்றில்லை. இருந்தாலும் சாத்திக்கொண்டது. மெதுவாக, உள்ளே இருக்கிற ஒருத்தர் எழுந்துபோய்ச் சாத்துவது மாதிரி. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். உள்பக்கக் கொண்டி தானாக வளையத்தில் விழுந்தது.

அவள் எழுந்து போய்க் கொண்டியைத் தூக்கினாள். அசையவில்லை. விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் கொண்டி, தினமும் ஒற்றை விரலால் தூக்குகிற கொண்டி. இரண்டு கையாலும் இழுத்தாள். ஊசிப் பெட்டியின் மூடியால் தட்டினாள். பூட்டு இல்லை, வெளியே யாரும் இல்லை, தடுக்கிறது என்று எதுவுமே இல்லை. கதவுதான் திறக்கவில்லை.

"யாராச்சும் இருக்கீகளா?"

ஊர் கூப்பிடு தூரத்தைத் தாண்டி இருந்தது. அந்த வெயிலில் எவன் வெளியே வருவான்?

12:45. மோதிரம் இறுக்கியது. கழற்றப் பார்த்தாள், வரவில்லை. காலையில் லொடலொடவென்று கிடந்த மோதிரம். கையைப் பார்த்தாள். விரல்கள் எல்லாம் உப்பியிருந்தன.

நெற்றிப் பொட்டில் ஒரு வலி பிடித்தது. குனிந்து தன் காலை அழுத்தினாள். குழி விழுந்தது. எழும்பவே இல்லை.

அவள் நர்ஸ். பயத்தில்கூட நர்ஸ்தான். தன் கையில் தானே பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். பாதரசம் ஏறியது... ஏறியது... 200-க்கு 130.

இந்த பிரஷரில் யாரும் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

1:10. முருகேஸ்வரி காத்துக்கொண்டிருப்பாள். தான் போகாவிட்டால் வரமாட்டாள். படுத்துவிடுவாள். அந்த நினைப்புதான் தங்கச்செல்வியை அறுத்தது. கதவில் தோளால் மோதினாள். மோதினாள். மோதினாள்.

கண் முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறந்தன.

1:31. பின்னறையில் கட்டில் முனகியது.

கிரீச்...

யாரோ புரண்டு படுத்த சத்தம். அப்புறம் ஒரு நீண்ட மூச்சு. வயிற்றுப்பாரத்தோடு எழுகிறவள் விடுகிற மூச்சு. பிரசவ வார்டில் ஆயிரம் தடவை கேட்ட மூச்சு அது.

தங்கச்செல்வி திரும்பவில்லை. கொண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

தரையில் வெறுங்காலின் சத்தம். ஒரு எட்டு. நின்றது. இன்னொரு எட்டு.

முதுகுக்குப் பின்னால்... வெகு பக்கத்தில்...

"மணி என்னாச்சு?"

பெண் குரல். களைத்த குரல். கோபமே இல்லை அதில்.

நாக்கு தடித்துக் கிடந்தது. எப்படியோ சொன்னாள். "ஒண்ணே முக்கால்."

"பஸ்ஸு போயிரும்."

ஒரு குளிர் அவள் தோளை உரசிக்கொண்டு போனது. கதவு திறக்கவில்லை. கொண்டி கழலவில்லை. ஆனால் பின்னால் இருந்த மூச்சு இப்போது வெளியே கேட்டது.

1:58. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வண்டிப் பாதை ஜன்னலை ஒட்டித்தான் போகும்.

இரண்டு பேர் நடந்து வந்தார்கள்.

ஒருத்தி முருகேஸ்வரி. தலையில் கட்டிய துணியோடு.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. நர்ஸ் சேலை. தங்கச்செல்வி உடுத்தியிருந்த அதே சேலை. முகத்தைக் குடை மறைத்தது. வயிறு முன்தள்ளியிருந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

"முருகேஸ்வரி... போகாத... அது நான் இல்ல..."

குரல் வரவில்லை. உதடுதான் அசைந்தது.

கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனார்கள்.

வண்டிப் பாதை புழுதியில் முருகேஸ்வரியின் காலடி மட்டும் விழுந்தது.

2:15. தூரத்தில் பஸ் ஹார்ன்.

டக்.

கொண்டி வளையத்திலிருந்து கழன்றது.

கதவு தானாகத் திறந்தது. தலைவலி இல்லை. மோதிரம் விரலில் லொடலொடவென்று சுற்றியது. தங்கச்செல்வி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நிறுத்தத்தில் வீட்டுக்காரர் செல்லப்பாண்டியின் டீக்கடை மட்டும் திறந்திருந்தது.

"முருகேஸ்வரி எங்க அண்ணாச்சி?"

"இப்பத்தான் பஸ் ஏறிப் போறா. கூட ஒரு நர்சம்மா போனாக. புள்ளத்தாச்சி. குடையில மூஞ்சி தெரியல. உங்க ஆபீசுல இருந்து வந்தவுகன்னுல்ல நெனச்சேன்."

கரி ஏற்றிய லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். கூடப் போனது முருகேஸ்வரியை எந்தக் கண்மாயில் இறக்கிவிட்டதோ, எந்தக் கிணற்றுக்குக் கூட்டிப் போனதோ என்று வழி முழுக்க அழுதுகொண்டே போனாள். 4:40-க்கு அருப்புக்கோட்டை. பிரசவ வார்டுக்கு ஓடினாள்.

முருகேஸ்வரி அங்கே இருந்தாள். வாசலிலேயே வலிப்பு வந்திருக்கிறது. உடனே ஊசி போட்டு, ஆபரேஷன் செய்து, பெண் குழந்தை. இரண்டு உயிரும் தப்பிவிட்டன. இன்னும் கால் மணி நேரம் தாமதமாகியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். கூட்டி வந்த நர்ஸை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தாள். யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். மருந்து கொடுக்கிற சண்முகவேல் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு முந்தி அங்க இருந்தவுக முத்துமாரியம்மாள்னு பேரு. எண்பத்தாறுல. ஊரு புள்ளத்தாச்சிகளுக்கெல்லாம் பிரஷர் பாத்தாக, அவுகளுக்குப் பாக்க ஆளில்ல. மாத்து ஆளு வரலைன்னு எட்டாம் மாசமும் லீவு எடுக்கல. ஒருநா தலை வலிக்குதுன்னு ரெண்டேகால் பஸ்ஸுக்குக் கெளம்பியிருக்காக. உள்ளயே வலிப்பு வந்துருச்சு. வந்து தட்டுன சனம் ஊருக்குப் போயிட்டாகன்னு திரும்பிருச்சு. ரெண்டாம் நா கதவ ஒடைச்சோம்."

"எங்க கெடந்தாக?"

"கதவுகிட்டதான். கை கொண்டி மேலயே இருந்துச்சு."

இதைக் கேட்டதும் தங்கச்செல்விக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது. பாவம், நல்லதுதானே செய்துவிட்டுப் போனாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இதோடு முடிந்திருந்தால் நானும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை 10:05. அருப்புக்கோட்டை வார்டில் முருகேஸ்வரிக்குப் பேசத் தெம்பு வந்திருந்தது.

"முதல்ல நீங்கன்னுதான் நெனச்சேன் நர்சக்கா. கண்ணுதான் தெரியலையே. கை ஐஸாட்டம் இருந்துச்சு, கடைசி வரைக்கும் விடல. பேசுன பெறகுதான் தெரிஞ்சது, நீங்க இல்லைன்னு."

"என்ன பேசுனாக?"

"உங்களப் பத்திதான்."

"என்னையப் பத்தியா?"

"'வீட்டுக்குள்ள ஒருத்தி இருக்காளே, அவளும் உண்டாகியிருக்கா, அவளுக்கே இன்னும் தெரியாது'ன்னாக. 'அவளுக்கு எட்டாம் மாசம் ஆகட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்'னாக. நெசமாக்கா?"

தங்கச்செல்விக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. வெயிலில் அலைகிற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தாள். எழுந்து போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். 11:20-க்கு டாக்டரம்மா கூப்பிட்டுச் சிரித்தபடி சொன்னார்.

இரண்டு மாதம்.

எட்டாம் மாதம் நவம்பரில் வரும். தங்கச்செல்வி வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். நவம்பர்தான் வந்தது.