அண்ணன் சொன்னதை இப்போது சொல்கிறேன்

அண்ணனின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். "அத்தை, நீங்கதான டீச்சர், நீங்களே எழுதுங்க" என்று அண்ணன் மகன் இந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்துவிட்டான். எழுதும் தகுதி எனக்கு எவ்வளவு என்பது அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணன் பிறந்தது பண்ணைக்காட்டில். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அப்பா இறந்தபோது பத்தாம் வகுப்பை முடித்திருந்த அண்ணன் அதோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். நான் ஆசிரியர் பயிற்சி முடிக்கும் வரை அவர் புதுச்சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. பிறகு வத்தலக்குண்டு – கொடைக்கானல் பஸ்ஸில் கண்டக்டர் ஆனார்.

அந்தப் பாதையில் சண்டை என்றால் அது ஜன்னல் சீட்டுக்குத்தான். வாந்தி வருகிறவர் ஒருவர், துண்டு போட்டு இடம் பிடித்தவர் இன்னொருவர். அண்ணன் இருவரையும் அதட்ட மாட்டார்.

"அவரு என்ன கேக்குறாருன்னு நீங்க சொல்லுங்க. நீங்க கேக்குறத அவரு சொல்லட்டும். ரெண்டு பேரும் சரியாச் சொல்லிட்டா என் சீட்டத் தாறேன்."

"ஒங்க சீட்டுல ஜன்னலே இல்லையேங்க" என்று ஒருமுறை ஒரு பெரியவர் கேட்டு, பஸ்ஸே சிரித்ததாம். ஆனால் அடுத்தவர் கஷ்டத்தைத் தன் வாயால் சொல்லத் தொடங்கியதும் யாராவது ஒருவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார் என்பார் அண்ணன்.

ஓய்வு பெற்ற பிறகு அதே வழக்கத்தை நாங்கள் குடியிருக்கும் செண்பகனூருக்கும் கொண்டுவந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூட்டம். குழாய்த் தண்ணீர் முறை, தெருவுக்குள் வரும் காட்டுமாடு என எல்லாம் அங்கே பேசப்பட்டது. எதிர்த்துப் பேசுகிறவர், முன்னால் பேசியவர் சொன்னதை முதலில் சொல்ல வேண்டும். "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். "முடிஞ்சு எல்லாரும் ஒரே ரோட்டுலதான எறங்கிப் போவணும்? ஜெயிக்கிறதுக்குன்னா கபடி ஆடுவோம், எதுக்குக் கூட்டம்?" என்பார்.

போன வருடம், சீசனில் சுற்றுலா வண்டிகளை மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் நிறுத்த விடலாமா என்று பேச்சு வந்தது. அண்ணன் கூடாது என்றார். நான் விடலாம் என்ற பக்கம். என் வீட்டு மாடியில் சீசனுக்கு ஆட்களைத் தங்க வைக்கிறேன். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்ற கவலை எனக்கு. அண்ணன் பேசிக்கொண்டிருந்தபோது நான் கேட்கவில்லை. என்ன பதில் சொல்லலாம் என்பதிலேயே மனம் இருந்தது.

அன்று நடுவராக இருந்த டீக்கடைக்காரர், "டீச்சர், மொதல்ல அண்ணன் சொன்னதச் சொல்லுங்க" என்றார்.

"அதுல சொல்ல என்ன கெடக்கு?" என்றேன். வண்டிகளைப் பற்றிப் பேசினேன். கூட்டம் அண்ணன் பக்கம் சாய்வது தெரிந்தது. உடனே, "டூட்டியில குடிச்சிட்டு ஒரு மாசம் சஸ்பெண்ட் ஆனவரு நமக்கு ஒழுங்கு சொல்றாரு" என்றேன்.

அண்ணி இறந்த வருடம் நடந்தது அது. அந்த ஒரு மாதமும் அண்ணனுக்கு மஞ்சள்காமாலை என்று ஊருக்குச் சொல்லியிருந்தோம். அதற்குப் பிறகு அண்ணன் குடியைத் தொட்டதில்லை. ஊரில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். சிலர் சிரித்தார்கள். என் மகள் கைதட்டினாள்.

அண்ணன் எழுந்தார். குரல் உயரவில்லை.

"தங்கச்சி சொன்னது இது. சீசன்லதான் நம்ம சனத்துக்குப் பொழப்பு. வண்டி நிக்க எடம் இல்லேன்னா ஆளு தங்காது. அடுத்தது, நான் டூட்டியில குடிச்சவன். ரெண்டும் நெசம். சரியாச் சொன்னேனா, பாப்பா?"

முறைப்படி நான் "ஆமா" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் ஜெயித்தது.

அதற்குப் பிறகும் அண்ணன் என் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். நான் மழையைப் பற்றிப் பேசினேன், பனியைப் பற்றிப் பேசினேன். கடைசியில் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோதுதான் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்டத் தனியாச் சொல்லி என்ன செய்ய? நாலு பேரு முன்னாடி சொன்னத நாலு பேரு முன்னாடி திரும்ப எடுத்துக்க. வெரசா வீட்டுக்குப் போயிருவோம். வர்ற ஞாயித்துக்கெழம கூட்டத்துல வச்சுக்குவோம்" என்றார். வெள்ளிக்கிழமை காலை போய்விட்டார்.

அவரைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் நுழைய முடியவில்லை. சீசன் வண்டிகள் நெருக்கி நின்றன. ரோட்டிலேயே இறக்கி, வேன்களுக்கு நடுவில் சாய்த்தும் திருப்பியும் அண்ணனைக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். டீக்கடைக்காரர் என் பக்கத்தில் நடந்தார். அண்ணன் அன்று கூட்டத்தில் என்ன பேசினார் என்று அடக்கம் முடிந்த பிறகு நானாகத்தான் அவரிடம் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், சாவி தேடி ஓடி நாலு வண்டிகளை நகர்த்திய டிரைவர்களுக்கும், முப்பது நாளும் சமைத்துக் கொடுத்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

போன மாதம் என் மகள் பள்ளி விவாதப் போட்டியில் பரிசு வாங்கி வந்தாள். எதிரணிப் பெண்ணின் அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னாளாம். கண்டித்தேன். "நீங்க மாமாவைச் சொன்னீங்களேம்மா" என்றாள். அவளும் இதைப் படிக்க வேண்டும்.

மண்டபத்தில் நான் சொன்னதை, இதைப் படிக்கும் உங்கள் எல்லோர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விட்டுப்போன முறையையும் செய்துவிடுகிறேன். அண்ணன் அன்று சொன்னது இது. சீசனில் பிழைப்பு வேண்டும், வண்டிகள் ரோட்டோரமாக நிற்கட்டும். ஆனால் நம் தெருவில் ஆம்புலன்ஸ் திரும்ப இருப்பது அந்த மைதானம் ஒன்றுதான். யார் வீட்டுக்கு, எப்போது வரும் என்று தெரியாது. அதை மட்டும் காலியாக விடுவோம்.

சரியாகச் சொன்னேனா, அண்ணே?