பூஜைக்குத் துடைத்த இன்பாக்ஸ்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எங்கள் ஸ்டோருக்கு ஒரே கம்ப்யூட்டர், ஒரே மெயில் ஐடி. பகல் ஷிஃப்டில் நான் பார்ப்பேன், இரண்டாம் ஷிஃப்டில் கடம்பத்தூர் அக்கா. பேக்கிங்கில் பல வருஷம் நின்று கால் வீங்கிப்போய், கெஞ்சிக் கேட்டு ஸ்டோருக்கு வந்தவர்.

போன ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷினைத் துடைத்தார்கள், நான் கம்ப்யூட்டரைத் துடைத்தேன். வெளியே மட்டும் துடைத்தால் போதுமா என்று மேதாவித்தனமாகப் பழைய மெயில்களையும் அழித்தேன். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு பஸ் ஏறினேன்.

ஒரு நாள் லீவைக் கூட்டிப் போட்டுவிட்டு வந்தால், இன்பாக்ஸ் காலி. சரக்கை அனுப்பச் சொல்லிக் கஸ்டமர் போட்ட மெயிலையே காணோம். லாரி கேட்டில் நிற்கிறது, மேனேஜர் கத்துகிறார். பழையதை மட்டும்தான் அழித்தேன் என்று சத்தியமாக நம்பினேன். கோபமெல்லாம் அக்கா மேல் திரும்பியது. அவருக்குக் கம்ப்யூட்டர் வராது, பேக்கிங்குக்கே அனுப்பிவிடுங்கள் என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். திங்கள் முதல் அனுப்பிவிடலாம் என்று பதில் வந்தது. அக்கா கண்ணில் படக் கூடாதென்று இரண்டையும் அழித்தேன்.

மதியம் அக்கா வந்தார். "நான்தான்பா இன்னாவோ அமுக்கிட்டேன் போலக்குது. நேத்து தொறந்தப்பவே ஒண்ணுத்தையும் காணோம். பயந்துக்கினு சொல்லல. மறுபடியும் பேக்கிங்ல போட்டுடுவாங்களா?"

"சேச்சே. இன்மே ஜாக்கிரதையா இருங்கக்கா" என்று பெரிய மனது பண்ணினேன். இதை எழுதும்போதுகூட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஐடி ஆள் வந்து சர்வரில் தேடி, அழிந்ததையெல்லாம் மீட்டார். "கஸ்டமர் மெயிலு மொத்தமும் பூஜையன்னிக்கு அழிச்சிக்கீது. யாரு இருந்தீங்க?" என்றார். அன்றைக்கு இரண்டாம் ஷிஃப்டே கிடையாது.

"அப்ப நான் இல்லியா சார்?" என்று கேட்ட அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஸ்கிரீனையே சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அழித்ததுதான் அங்கே முதலில் இருந்தது: என் மெயிலும் மேனேஜரின் பதிலும். அக்கா அவற்றை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அக்கா, நான் வந்து..."

"என் கைல இன்னாத்துக்குப்பா சொல்ற? மேனேஜரு கைல போய்ச் சொல்லு. நான் சொன்னா நம்புவாரா?"