வரிசைக்கும் கிளைக்கும் நடுவில் ஒரு லிஃப்ட்காரர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் டார்ச். இருட்டு மூலை எதையும் வெளிச்சம் போட்டுப் பார்க்காமல் விடமாட்டார், மனிதர்களையும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தபடி நலம் விசாரித்தால், "இவருக்கு நம்மகிட்ட என்னமோ ஆகணும்" என்பார். பிறந்தநாளுக்கு நான் சட்டை வாங்கிக் கொடுத்தபோது, "என்ன தப்புப் பண்ணின?" என்று கேட்ட மனிதர். இருபத்திரண்டு வருடமாக இந்த வெளிச்சத்தில்தான் குடித்தனம் நடத்துகிறேன்.

அவர் முழுசாக நம்பிய ஒரே பொருள் அவருடைய இணைய மன்றம். லிஃப்ட் மெக்கானிக்குகள் தொழில் விஷயம் கேட்டுக்கொள்ள எட்டு வருடத்துக்கு முன் அவரே தொடங்கியது. முந்நூறு பேர் இருக்கிறார்கள். யார் எது எழுதினாலும் வந்த நேரப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதைப் படிப்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் என் தம்பி சாப்பிட வந்திருந்தான். அவனும் அதே தொழில்தான்.

"அத்தான், மன்றத்தைக் கிளை முறைக்கு மாத்திடலாமா? ஒரு கேள்விக்கு வர்ற பதிலெல்லாம் அந்தக் கேள்விக்குக் கீழேயே ஒட்டிக்கிட்டு நிக்கும். குழப்பம் வராது."

"இப்ப என்ன குழப்பம் வந்துச்சு?"

தம்பி தட்டைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல. பொதுவா சொன்னேன்."

அவ்வளவுதான், இவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அவன் கிளம்பியதும் என்னிடம் திரும்பினார். "பாத்தியா, கண்ணைப் பாத்துப் பேசல. ஒரே வரிசைன்னா எல்லாம் என் கண்ணுல படும். கிளை கிளையாப் பிரிச்சா மூலைக்கு மூலை கூட்டம் போட்டுக் குசுகுசுன்னு பேசுவாங்க. கடைசில என்னைத் தூக்கிட்டு உன் தம்பி உக்காந்துக்குவான்."

"கிரீஸ் பத்திப் பேசற இடத்துக்கு இவ்வளவு அரசியலா?" என்றேன்.

"நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசற?"

விஷயம் ஓட்டெடுப்பு வரை போனது. ஞாயிறு மதியம் மூன்று மணியோடு முடியும் என்று அறிவித்தார். யார் எந்தப் பக்கம் என்று நோட்டுப் போட்டு எழுதினார். தம்பிக்குப் போன் செய்வதை நிறுத்தினார். அவனும் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு காலையில், தம்பியோடு கூட்டுச் சேர்ந்தவர்கள் யார் யார் என்று துப்புத் துலக்க, மன்றத்தின் பழைய பக்கங்களைப் புரட்ட உட்கார்ந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இங்க வா" என்றார். குரலே சரியில்லை.

திரையில் போன வருடத்துப் பக்கம் இருந்தது. கதவுச் சக்கரம் மாற்றக் கதவை முழுதாக இறக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் கீழே, ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்த்துக்கொள்பவர் கேட்டிருந்தார்: இந்தப் புது மாடலில் பிரேக்கைத் திறக்கும் முன் லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எடையை நகராமல் கட்ட வேண்டுமா? அதற்கும் கீழே என் வீட்டுக்காரரின் பதில்: 'வேண்டாம், அப்படியே செய்யலாம்.'

"நான் கதவுக்குச் சொன்னேன்" என்றார். "நான் டைப் அடிக்கறதுக்குள்ள இந்தக் கேள்வி நடுவுல வந்து உக்காந்திருக்கு. நான் பாக்கவே இல்ல."

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரிக்காரரின் கை கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டி இரண்டு விரல் போனது. எடையைக் கட்டாமல் பிரேக்கைத் தொடுவானா ஒரு மனுஷன் என்று தொழிலில் இருந்த எல்லாரும் திட்டினார்கள். அதிகமாகத் திட்டியவர் இவர்.

உடனே ஸ்பீக்கரில் தம்பிக்குப் போன் போட்டார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் அத்தான். அந்த ஆஸ்பத்திரிக்காரரே எனக்குக் காமிச்சாரு. வெளிய சொல்லவேணாம், உங்க மனசு கஷ்டப்படும்னாரு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, நான் உங்களை மாட்டிவிடப் பாக்கறேன்னு சொல்லியிருப்பீங்க."

இவர் போனை வைத்துவிட்டார்.

மதியம் இரண்டரைக்கு இரண்டு பக்கமும் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. மற்றவர்கள் ஓட்டே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள், பாக்கி இவருடையதுதான். வரிசையே இருந்தால் அந்தப் பழைய பதிவு ஆயிரம் பக்கங்களுக்கு அடியில் கிடக்கும், ஒருவரும் தோண்டப் போவதில்லை. கிளைக்கு மாறினால், எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்று பழையதையெல்லாம் இவரே கையால் எடுத்து வைக்க வேண்டும். அப்போது ஊருக்கே தெரிந்துவிடும். பதிவை அழிக்கிற அதிகாரமும் மன்றத்தில் இவர் ஒருவருக்குத்தான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அவரைச் சந்தேகப்பட்டேன். டீ கொடுக்கிற சாக்கில் இரண்டு தடவை, ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் ஒரு தடவை அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அழித்துவிட்டால் இந்த மனிதரோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்று யோசித்தேன். அந்தப் பதிவின் மேலேயே அம்புக்குறியை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளை முறைக்கு ஓட்டுப் போட்டார். மன்றத்தை மாற்றி அமைத்ததும், முதல் வேலையாகத் தன் பதிலை எடுத்துக் கதவுக் கேள்வியின் கீழ் வைத்தார். ஆஸ்பத்திரிக்காரரின் கேள்வி பதிலே இல்லாமல் தனியாக நின்றது. அதன் கீழே ஒற்றை விரலால் தட்டினார்: 'கட்ட வேண்டும். கட்டாமல் திறக்கவே கூடாது. அன்று நீங்கள் படித்த பதில் கதவுக்குச் சொன்னது. உங்கள் கேள்வியை நான் பார்க்கவே இல்லை. பிறகு உங்களை எல்லார் முன்னாலும் திட்டியவனும் நான்தான். என்னை மன்னிக்க வேண்டும்.'

கால் மணி நேரம் கழித்து அதற்குக் கீழே பதில் வந்தது.

'பதிலைப் படிச்சப்ப எனக்கே கொஞ்சம் இடிச்சது சார். உங்க பேரைப் பாத்தேன். அதுக்கப்புறம் சந்தேகப்படத் தோணல.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அழுதார்.