எல்லாத் தண்ணிக்கும் ஒரே சூட்

1. ஜிஎஸ்எம் ஏத்தீரு

ஏற்றுமதிக் கோட்டா முறை முடிந்து, டி-ஷர்ட் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக வேறு நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குத்தான் அந்தப் பெயர். தையல் லைன் ஒன்று ஏற்கெனவே மூடிக் கிடந்தது. இன்னொன்றும் மூடினால் நான் சொந்த ஊர் நாகர்கோவிலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் நார்வேயிலிருந்து இங்கிரிட் என்ற பெண்மணியின் மெயில் வந்தது. ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு உடுப்பு விற்கிறவர். இரண்டு சாம்பிள் கேட்டிருந்தார். வெதுவெதுப்பான கடலுக்கு, உடம்போடு ஒட்டுகிற மெல்லிய லைக்ரா சூட் ஒன்று. உறைபனிக் கடலுக்கு, தண்ணீர் புகாத டிரை சூட்டின் உள்ளே போடும், கம்பளி போலப் புசுபுசுவென்ற ஃபிளீஸ் சூட் ஒன்று.

முதலாளி பொன்னுசாமிக்கு மெயிலைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கை காட்டி நிறுத்தினார்.

"குளுருக்குத்தானம்மிணி கேக்கறாங்க? ஜிஎஸ்எம் ஏத்தீரு."

ஜிஎஸ்எம் என்றால் துணியின் கனம். முதலாளிக்கு அதுதான் சர்வரோக நிவாரணி. துணி சுருங்கினாலும் ஜிஎஸ்எம் ஏற்று, தையல் பிரிந்தாலும் ஜிஎஸ்எம் ஏற்று. எதையாவது இறக்க வேண்டும் என்று அவரிடம் சொன்ன ஒரே ஆள் அவருடைய சர்க்கரை டாக்டர். அவர் பேச்சையும் கேட்டதில்லை.

"சார், ரெண்டு சூட். ரெண்டும் வேற வேற தண்ணிக்கு."

"தண்ணியில என்னம்மிணி சாதி? ஒரே சூட்டா அடி, கனமா அடி. அவங்களுக்கும் மிச்சமாப் போகுது."

கட்டிங் மாஸ்டர் ராஜு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருமே கடலில் கால் நனைத்ததைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். கனமான ஃபிளீஸில் ஒரே சூட்டாக வெட்டினோம். தைத்து முடித்து மேஜைமேல் கிடத்தியபோது, ஒரு கரடி மதியத் தூக்கம் போடுவது போல இருந்தது.

2. அவிநாசித் தோட்டத்துக் கிணறு

சித்திரை வெயிலில் இங்கிரிட் வந்தார். சூட்டைத் தொட்டுப் பார்த்தார். "இது எத்தனை டிகிரித் தண்ணீருக்கு?" என்று கேட்டார்.

"ஆல் டிகிரி மேடம்! ஆல் வாட்டர், ஒன் சூட்!" என்றார் முதலாளி.

அந்த அம்மாள் முதலில் சிரித்தார். முதலாளி விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. சூடான கடலில் இதைப் போட்டால் ஆள் வெந்துவிடுவான், குளிர்ந்த கடலில் மேலே டிரை சூட் இல்லாமல் போட்டால் நனைந்து விறைத்துவிடுவான் என்றார். நான் தமிழில் சொன்னேன். முதலாளிக்கு முகம் சிவந்தது.

"நானு பொறந்ததுலருந்து கெணத்துல நீச்சலடிக்கறவன். எனக்குத் தண்ணியப் பத்திப் பாடமா? வாங்க, தோட்டத்துல காமிக்கறேன்."

அவிநாசித் தோட்டத்துக் கிணற்று மேட்டில் சூட்டை மாட்டி ஜிப்பை இழுத்தார். குதிப்பதற்கு முன்பே வேர்வையில் பாதி நனைந்திருந்தார். குதித்தார். துணிக்குள் அடைபட்ட காற்றில் முதுகு பூரி போல உப்ப, மிதந்தார்.

"பாருங்க மேடம், ஃப்ளோட்டிங்!"

ராஜு கைதட்டினார். நானும் தட்டினேன், சம்பளம் வாங்குகிறேன் அல்லவா.

காற்று மெல்ல வெளியேறியது. ஃபிளீஸ் தண்ணீரைக் குடித்தது. அவர் கை வீச்சு மந்தமானது. எப்படியோ படிக்கல்லைப் பிடித்து ஏறப் பார்த்தார். நனைந்த துணியின் பாரம் கீழே இழுக்க, பாசியில் கை வழுக்கி உள்ளே போனார். மேலே வந்து, "அம்மிணி..." என்றார். அவ்வளவுதான், மறுபடியும் முழுகினார்.

இங்கிரிட் ஷூவை உதறிவிட்டுக் குதித்தார். பின்னாலிருந்து முகவாயைப் பிடித்து அவர் முகத்தைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தினார். ஜிப்பை இழுத்துச் சூட்டை உரித்தார். ராஜு மோட்டார் கயிற்றை வீச, அதைப் பிடித்து முதலாளி மேலே வந்தார். நம் கம்பெனி பனியனும் நம் கம்பெனி ஜட்டியுமாக வந்தார். அன்றைக்குக் குறை சொல்ல முடியாத சரக்கு அவை இரண்டும்தான்.

மோட்டார் ரூம் நிழலில் துண்டைப் போர்த்தி உட்கார வைத்தோம். இங்கிரிட் ஈரத் தலையோடு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாகப் பிடுங்கும். ராமேஸ்வரம் பக்கத்துக் கடல் மாதிரி என்றால், வெயிலுக்கும் கொட்டுகிற சொறிமீனுக்கும் மறைப்பாக லைக்ராவே போதும். கொஞ்சம் குளிர்ந்தால் நியோப்ரீன் என்ற ரப்பர் சூட், மூன்று மில்லிமீட்டர். இன்னும் குளிரக் குளிர ஐந்து, ஏழு. அது உடம்பைக் கவ்வி இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே புகுந்து உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஓடிப்போய்க் குளிர்ந்தது புகுந்துவிடும். நார்வேக் கடலுக்கு டிரை சூட். அதற்குள்ளே, நனையவே கூடாத ஃபிளீஸ்.

"தப்பான சூட் போட்டுப் போனவர்கள் யாரும் என் கடையில் கம்ப்ளெயின்ட் செய்ததில்லை," என்றார். "ஏன்?" என்று கேட்டேன். "திரும்பி வந்தால்தானே?"

மறுவாரம் சொன்னபடியே இரண்டு சாம்பிள் தைத்தோம். லைக்ராவுக்கு ஆர்டர் கிடைத்தது. மூடிய லைன் திறந்தது. இங்கிரிட் கிளம்பும் நாளில் முதலாளி நெஞ்சை நிமிர்த்தி, "அம்மிணி, மேடத்துகிட்டச் சொல்லு. மொதலாளியே தண்ணிக்குள்ள எறங்கி டெஸ்ட் பண்ற கம்பெனி திருப்பூர்லயே கெடையாது," என்றார்.

"உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறார்," என்று மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் நெகிழ்ந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

புதிதாக மெர்ச்சண்டைசிங் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பையர் தரும் விவரப் பட்டியலான ஸ்பெக் ஷீட்டில் ஒரு டிகிரி எழுதியிருந்தால், அந்தத் துணிக்குள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் முதலாளிக்கு அது புரிய ஒரு கிணறு தேவைப்பட்டது. உங்களுக்கு ஒரு தடவை முழுசாகப் படித்தால் போதும்.