வெர்லின் கட்டிய பாம்பு மாளிகை

ஹாச்சர் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார்கள். வெர்லினுடைய தாத்தா ஏமஸ், கழிவுத் தொட்டிக்குப் பத்தடி தள்ளிக் கிணறு வெட்டினார். பெரியப்பா ஓரன், மாட்டுக்கொட்டகைக் கூரைக்கு உச்சியில் ஆரம்பித்துக் கீழே கீழே தகடு வேய்ந்துகொண்டு வந்தார்; முதல் மழையிலேயே மாடுகள் குளித்தன. அந்த ரத்தம்தான் வெர்லினுக்கும். வயது ஐம்பத்தாறு. அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு தீவன ஆலைக்கு லாரி ஓட்டுகிறான். ஒரு விஷயத்தைப் பற்றி மூன்று வீடியோ பார்த்துவிட்டால் நான்காவதில் தானே வந்து பேசலாம் என்ற நினைப்பு.

ஆலையை விட்டுப் போன ஒருவன் தன் மலைப்பாம்பை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனான். நாலடி நீளம். பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும் சாது.

மனைவி ரோண்டா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "லேபர் டே வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு எலியாவது அது தின்னணும். பட்டினி கெடந்து சாகுறத என் வீட்ல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. தின்னலேன்னா நெல்டாகிட்ட குடுத்துருவேன்."

நெல்டா ரோண்டாவின் சித்தி மகள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டில் முப்பது பாம்புகள், எல்லாம் சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில். இருபது வருடமாக அந்த வீட்டைச் 'செருப்புக் கடை' என்று கேலி செய்தவன் வெர்லின். அவளிடம் பாம்பை விடுவதற்குப் பதில் முன்பல்லைக் கழற்றிக் கொடுத்துவிடுவான். போதாததற்கு, லேபர் டே அன்று, செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறைக்கு, மொத்தக் குடும்பமும் பாம்பு பார்க்க வரப்போகிறது.

ஆகவே வரவேற்பறையில் மாளிகை எழுந்தது. ஆறடி நீளம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நாலு விளக்கு, ஒரு காய்ந்த கிளை, பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்று. ஒளிந்துகொள்ள ஒரு பொந்து மட்டும் இல்லை. ஒளிந்துகொண்டால் வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? பலகை அத்தனையும் சீடார் என்ற வாசனை மரம். கீழே பரப்பிய மரத்தூளும் சீடார். அவன் அம்மாவின் கம்பளிப் பெட்டி சீடாரில் செய்தது. நாற்பது வருடமாக ஒரு பூச்சி அதை அண்டியதில்லை. அதைவிட உசத்தியான மரம் உலகத்தில் உண்டா!

பாம்பு மூலையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு கிடந்தது. மூன்று வாரம் எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது வாரம் வாயைத் திறந்துகொண்டு கொர்கொர் என்று மூச்சுவிட்டது.

வெர்லின் நெல்டாவுக்குப் போன் செய்தான். உதவி என்ற சொல் அந்த வாயில் வருமா? "இந்தப் பக்கம் வந்தா என் வேலைப்பாட்ட வந்து பாத்துட்டுப் போயேன்" என்றான்.

நெல்டா வந்து மாளிகைக் கண்ணாடியைத் தள்ளியதும் அடித்த நெடிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன மரம் இது, இன்ஜினியர் ஐயா?"

"சீடார். எங்கம்மா பெட்டி மாதிரியே."

"அந்தப் பெட்டிக்குள்ள பூச்சி ஏன் வர்றதில்ல?"

"வந்தா அந்த வாசனைக்கே செத்துரும்ல" என்றான் பெருமையாக. சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

"இதுக்கும் மூக்கு இருக்கு" என்றாள் நெல்டா.

பாம்பை மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போட வைத்தவள் அவள்தான். பிறகு தன் வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தாள். கீழே காகிதம், ஒரு பக்கம் சூட்டுப் பட்டை, ஒளிய ஒரு கவிழ்த்த பூந்தொட்டி. டப்பாவைத் துணி துவைக்கும் அறையில் வைத்து மேலே துண்டைப் போட்டாள். "இனிமே தொடாத. உத்துப் பாக்கவும் பாக்காத. உனக்கு அதுதான் கஷ்டம், தெரியும்."

லேபர் டேக்கு இரண்டு நாள் முன்பு டப்பாவில் வைத்த எலி காணாமல் போயிருந்தது. பூந்தொட்டிக்குள் பாம்பின் வயிறு புடைத்திருந்தது. "சரி, இருக்கட்டும். ஆனா டப்பாலதான்" என்றாள் ரோண்டா.

லேபர் டே அன்று இருபத்திரண்டு ஹாச்சர்கள் பன்றி விலா எலும்பைக் கடித்துக்கொண்டு காலி மாளிகையின் முன் நின்றார்கள்.

"உள்ளதான் இருக்கு. வெட்கப்படுது" என்றான் வெர்லின்.

ரோண்டா விலா எலும்புத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த சுற்று பரிமாறப் போனாள். நெல்டா உருளைக்கிழங்கு சாலட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெரியப்பா ஓரன் கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். "அந்தா, கெளைக்குப் பின்னால வாலு தெரியுது பாரு!"

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.