பல்பு எரியாமலே அமுக்கிய ஆறு பேர்

இன்று கண் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு சுவிட்சைத் தட்டினார்கள். 'டிக்!'

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது!

எழுபதுகளில் நான் சைக்காலஜி எம்.ஏ. மாணவி. கவரைப்பேட்டை தாண்டி ஒரு இரும்புத் தொழிற்சாலை. ஃபர்னஸ் ஆட்கள் ஆறு பேரில் கை சுறுசுறுப்பானவரை, தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினுக்கு மாற்ற வேண்டுமாம். டெஸ்ட் எடுக்க என்னை அனுப்பினார்கள்.

மறைப்புக்குப் பின்னால் நான் சுவிட்ச் போடுவேன். அவர் பக்கம் பல்பு எரியும். உடனே பட்டனை அமுக்க வேண்டும். எத்தனை நேரமாயிற்று என்று கடிகாரம் நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் காட்டும். அவ்வளவுதான்!

"சராசரியை மட்டும் பார்க்காதே, ஒரே ஆளின் எண்கள் எவ்வளவு சிதறுது பார்" என்று புரொபசர் சொல்லியிருந்தார்.

என்னையே சோதித்தேன். 22, 35, 19, 41. (கவனம் அப்படி!)

முதலில் வந்தவர் ஏழுமலை. 17, 17, 18, 17, 17...

மனுஷனுக்கு இப்படி வராதே!

சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "நாளைக்கே இவன பிரஸ்ல போடறேன் மேடம்!" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுபடி எடுத்தேன். பாதியில் எட்டிப் பார்த்தால் பல்பு ஃபியூஸ்! தெரியாத மாதிரி சுவிட்சைத் தட்டினேன்.

அமுக்கினார். 17.

"அண்ணே, பல்பு எரியலியே?"

அவர் பட்டனிலிருந்து கையை எடுத்தார்.

"உலையப் பாத்துப் பாத்து கண்ணு பூட்சும்மா. சுவிட்சு சத்தத்துல அமுக்கிக்கினு கீறேன். சொல்லிடாத, ஊட்ல ரெண்டு பொண்ணுங்க கீது."

"பிரஸ்ல கை பூடும்ணே!"

"அதுவும் சத்தம் போட்டுக்கினுதாம்மா எறங்கும்."

பல்பைக் கழற்றிவிட்டு மீதி ஐந்து பேரையும் கூப்பிட்டேன்.

ஐந்து பேரும் அமுக்கினார்கள். ஒருவர்கூட பல்பு இல்லையென்று சொல்லவில்லை!

கடைசி ஆளிடம் கேட்டேன். "வெளிச்சம் போதுமா?"

"பளிச்சுனு எரியுது மேடம்!"

அழுதுகொண்டேதான் ரிப்போர்ட் எழுதினேன். ஆறு பேருக்கும் கண் வைத்தியம் வேண்டும், பிரஸ் பக்கமே விடக்கூடாது, ஃபர்னஸில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம் என்று.

அடுத்த வாரம் போனேன். "ஏழுமலையண்ணன் எங்கே?"

"ஆறு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிட்டோம் மேடம். ரிப்போர்ட்டுக்கு ரொம்ப தேங்க்ஸ்!" என்றார் சூப்பர்வைசர்.

ஃபர்னஸ் எதிரில் புதிதாக ஆறு பேர் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் கண்ணாடி இல்லை.

நான் எழுதியிருக்கக் கூடாதோ? நீங்களே சொல்லுங்கள்.